எல்லைக்கல்லுக்கு அடியில் பிஸ்கட் டப்பா

ஒரு டப்பாவைக் காட்டில் ஒளித்துவைத்து, துப்புச் சீட்டு எழுதிக் கொடுத்து, நாலு பேரை அதைத் தேடி அலைய விடுவது. இப்படியொரு பொழுதுபோக்கு உலகத்தில் இருப்பது கதிரேசனுக்குப் போன வாரம்தான் தெரியும். தாவரவியல் ராமாமணி மேடம் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, தடாகம் மலையடிவாரத்தில் பிஸ்கட் டப்பா ஒன்றைப் புதைத்துவிட்டு வந்திருந்தார். எடுத்து வருபவன்தான் தொண்ணூற்றேழாம் வருஷத்து இயற்கை மன்றச் செயலாளர்.

கதிரேசனுக்கு இயற்கைமேல் பாசம் கிடையாது. போன வருஷச் செயலாளர் பாலகோபால், முகாமில் அவனைச் சாம்பார் வாளி தூக்க வைத்திருந்தான். இந்த வருஷம் வாளி கைமாற வேண்டும். அவ்வளவுதான்.

வழியில் மலையணில் எட்டிப் பார்த்தது. புள்ளிமான்கள் வரிசையாக நின்றன. மயில் ஒன்று தோகையை விரித்தே காட்டியது. பாலகோபால் முன்னால் போயிருந்தால் அவனுக்கும் இதே மரியாதைதானே என்று எரிச்சல் வந்தது. யானை லத்தியை மட்டும் மிதித்துப் பார்த்தான். காய்ந்திருந்தது.

'சோளக்காடும் கடலைக்காடும் சேரும் இடத்தில், நட்ட கல்லுக்கு அடியில்' என்றது துப்பு. மேடம் மெட்ராஸ்காரர், அவருக்கு அது வெறும் கல். வெள்ளகோவில் தோட்டத்துப் பையன் கதிரேசனுக்காவது அது எல்லைக்கல் என்று உறைத்திருக்க வேண்டும். அவன் பாட்டுக்குக் குச்சியால் தோண்டினான். எல்லைக்கல் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏனுங்க தம்பி, கடப்பாரை கொண்டாரட்டுங்களா?"

சோளக்காட்டுச் சொந்தக்காரர் சென்னியப்பன். பேச்சில் மரியாதை இருந்தது. கையில் அரிவாள் இருந்தது.

"டப்பா தேடறனுங்க."

"எம்பட பங்காளி குமாரசாமி அனுப்புனானா? கல்லை எத்தனை அடி தள்ளச் சொன்னான்?"

"ஐயோ, காலேஜ்ல வெச்சதுங்க. ஒளிச்சு வெச்சதைக் கண்டுபுடிக்கோணும். பொழுதுபோக்குங்க."

"ஒளிச்சவீங்களுக்கே எடம் தெரியுமல்லொ. அவிகளே எடுத்துக்க வேண்டீதுதான?"

அந்த நேரம் பார்த்துப் பாலகோபால் புதரிலிருந்து வெளிப்பட்டான்.

"இவனைத் தெரியுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"பாத்ததே இல்லீங்க. முழியே சரியில்லீங்களே" என்றான் பாலகோபால்.

கதிரேசன் நிதானமாகச் சொன்னான்: "குமாரசாமி அனுப்புன ஆளு இவன்தானுங்க. இவங்கப்பா சர்வேயருங்க."

பாலகோபால் கையில் திசைகாட்டி இருந்தது. சென்னியப்பனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"ரெண்டு பேரும் புடிங்க. சாச்சவீங்களே நட்டுப்போட்டுப் போங்க." சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பங்காளியின் கடலைக்காட்டுக்குள் இரண்டடி தள்ளி அரிவாளை நீட்டினார். "இங்கதான் இருந்துச்சு."

"அங்க இல்லீங்களே" என்றான் பாலகோபால்.

சென்னியப்பன் அரிவாளை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இங்கதானுங்க இருந்துச்சு" என்றான் கதிரேசன்.

இருவரும் கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். குழிக்குள் டப்பா பளபளத்தது. இருவரும் பார்த்தார்கள். கையை விட முடியாது, விட்டால் கல் மற்றவன்மேல் இறங்கும்.

கதிரேசன் விட்டான். கல்லின் முழுப் பாரத்தையும் பாலகோபாலிடம் ஒப்படைத்து, டப்பாவை அள்ளிக்கொண்டு ஓடினான். சென்னியப்பன் துரத்தவில்லை. அவருக்குக் கல் நட ஓர் ஆள் மிச்சமிருந்தான்.

மரத்தடியில் மூச்சு வாங்கித் திரும்பியபோது கடலைக்காட்டுப் பக்கமிருந்து இன்னொருவர் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"வாங்க பங்காளி, இந்தப் பையந்தான் கல்லை நகத்திப்போட்டான்" என்று சென்னியப்பன் வரவேற்பது கேட்டது.

கதிரேசன் டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒரு மயிலிறகும் நாலு பிஸ்கட்டும் இருந்தன. ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, வெகுநேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பொழுதுபோக்கு அவனுக்குப் பிடித்துப்போயிற்று.