வேற யார் போட்டிருக்காங்க?

பல் டாக்டர் தந்த செக்கைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். நாளைக் காலை கேமராவுக்கு அட்வான்ஸ் கட்டாவிட்டால் நடிகையின் தேதிகள் போய்விடும், தம்பி எடுக்க இருக்கும் படமும் போய்விடும். இனி போகாது என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் கிளினிக் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மரக்கடைக்காரர் உள்ளே வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

படத்துக்குப் பணம் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். கதை என்னவென்று எவரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. "வேற யார் போட்டிருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள். முதல் ஆளாக இருக்க ஒருத்தருக்கும் மனசு வராது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், மரக்கடைக்காரர் போட்டுவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் போட்டுவிட்டார் என்று மரக்கடைக்காரரிடம் சொன்னேன். இரண்டும் பச்சைப் பொய். டாக்டர் நம்பி எழுதிக்கொடுத்துவிட்டார். இவரோ செக் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார், எழுதத்தான் மாட்டார்.

"நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

"நீதானேம்மா அந்த டாக்டரைப் பத்தி அவ்வளவு சொன்ன. சினிமாவுல துணிஞ்சு காசு போடறவங்க பல்லையும் துணிஞ்சு பிடுங்குவாங்கன்னு வந்தேன்."

என் வாயால் வந்த வினை. மெல்ல நழுவப் பார்த்தேன். அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசின்னா எனக்கு ஆகவே ஆகாது. கொஞ்ச நேரம் என் கூட நில்லும்மா."

ஊசி போட்டாயிற்று. டாக்டர் அவர் வாயைப் பெரிதாகத் திறக்கவைத்து, இடுக்கியை எடுத்தார். பிறகு அவர் பெயரும் தொழிலும் எழுதியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"மரக்கடையா? அட, இவங்க படத்துல பணம் போட்டது நீங்கதானா? பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டுங்க."

மரக்கடைக்காரரின் கண்கள் என் பக்கம் திரும்பின. புரிந்துகொண்டுவிட்டார். என்னையே பார்த்தபடி தலையை மெதுவாகக் கீழே இறக்கத் தொடங்கினார். ஆமாம் என்று சொல்லத்தான். அந்த ஒரு தலையாட்டல் போதும், நான் தப்பித்துவிடுவேன். ஆனால் வீங்கிய கன்னத்தோடு கிடக்கிற மனுஷனை என் பொய்க்குச் சாட்சியாக்க வெட்கமாக இருந்தது.

"அவர் போடல டாக்டர். உங்ககிட்ட அவர் போட்டதா சொன்னேன். அவர்கிட்ட நீங்க போட்டதா சொன்னேன்."

டாக்டர் இடுக்கியை உள்ளே விட்டார். பல்லைப் பிடுங்கினார். கோபமெல்லாம் அந்த இழுப்பில் போயிருக்க வேண்டும், மரக்கடைக்காரரின் இரண்டு கால்களும் மேலே எழும்பின. பல்லைத் தட்டில் போட்டு, அவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார். செக்கை எடுத்துக் கொடுத்தேன். அதையும் தட்டில், பல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதல்ல இவர் எழுதட்டும். அப்புறம் பார்க்கலாம்."

மரக்கடைக்காரர் பஞ்சைக் கடித்துக்கொண்டே செக்கைக் காட்டினார். "முதல்ல அது அவ கைக்குப் போகட்டும்."

மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வந்தாயிற்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன்.

"நில்லுங்க," என்றார் டாக்டர். "யாருமே போடலன்னா ஆபீஸ் வாடகை, நடிகைக்குக் கொடுத்தது எல்லாம் யார் காசு?"

"என்னோடது. குடியிருந்த வீட்டை வித்துட்டேன். நானும் தம்பியும் ஆபீஸ்லதான் மேஜையை ஒதுக்கிட்டுப் படுக்கறோம்."

"அதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே. ரெண்டு பேருமே வேற யார் போட்டிருக்காங்கன்னுதானே கேட்டீங்க."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இத்தனை மாதம் அடக்கிவைத்த அழுகை, போயும் போயும் இவர்கள் முன்னாலா வரவேண்டும் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மரக்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்து, மரத்துப்போன வாயால் டாக்டரிடம் பேனா கேட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். மரக்கடைக்காரர் என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. தட்டிலிருந்த செக்கை எடுத்து என் கையில் வைத்தார்.