லிஃப்ட்காரிக்கு இறங்கிய தெரு

முதுமையைப் போற்றுவதில் மானுட நாகரிகத்துக்கே வழிகாட்டி எங்கள் நகரம் என்று மாநகராட்சி வாசலில் பளிங்கில் பொறித்திருக்கிறார்கள். எழுத்து எறும்பளவு, பளிங்கு இருப்பது ஒன்பதடி உயரத்தில். அறுபதைத் தாண்டிய எவரும் இதுவரை அதைப் படித்ததில்லை. ஆனால் அதைப் பதித்த வருஷத்திலிருந்து, மாடிவீட்டு இளைய மருமகள் கால் வைத்த இடத்திலெல்லாம் நடைபாதை ஒரு சாண் தாழ்ந்து கொடுத்தது. அவளுக்கு வயது அறுபத்தாறு. அந்த வீட்டில் இன்னும் இளைய மருமகள்தான். ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவள். அவளைக் கண்டால் பேருந்து முன்பக்கம் மண்டியிட்டது. அவள் அக்கரை சேரும்வரை சிக்னல் சிவப்பிலேயே நின்றது. மூச்சு வாங்கி அவள் நின்றால் பின்னால் ஒரு பெஞ்சு வந்து முழங்காலைத் தொட்டது. "முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினேன், இப்ப ஊரு எனக்கு இறங்குது. இதுல என்ன இருக்கு?" என்று அவள் காய்கறிப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இதில் நிறைய இருப்பதாக அவளுடைய ஓரகத்திக்குப் பட்டது. மூத்த மருமகளுக்கு எழுபத்திரண்டு வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மூத்த குடிமக்கள் குழுவின் தலைவி. அவருடைய முழங்கால்கள் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன, அவர்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. தனக்கும் ஒரே ஒரு தடவை ஒரு படியாவது இறங்காதா என்பதுதான் ஏக்கம். அதை வாய்விட்டுச் சொன்னால் தலைவி பதவி என்னாவது? லிஃப்ட்காரி போகும் நேரத்தில் போய்ப் பார்த்தார், அவள் போகும் பக்கமே போய்ப் பார்த்தார், ஒருநாள் அவளுடைய செருப்பையே மாட்டிக்கொண்டு போனார். செருப்பு கடித்தது, தெரு அசையவில்லை. அன்று ராத்திரி ரசத்தில் உப்பில்லை என்று அவர் போட்ட சண்டை நான்கு வீடு தள்ளிக் கேட்டது.

அப்போதுதான் நகரங்களை முதியோர் வசதிக்காக அளந்து தரம் பிரிக்கும் போட்டி வந்தது. கணக்கெடுப்பாளர் டேப்போடும் அறுபத்துநான்கு கேள்விகள் கொண்ட படிவத்தோடும் தெருவில் இறங்கினார். லிஃப்ட்காரி நின்ற இடத்தில் நடைபாதை உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

"சார், இவளை நிக்க வச்சு அளந்தா அது ஒரு அளவா? சும்மா கெடக்குற தெருவ அளங்க."

"மேடம், வயசானவங்க ஒருத்தர் நிக்கும்போதுதான் அளக்கணும்னு படிவத்துல போட்டிருக்கு."

"அப்ப நான் நிக்கிறேன். ஏண்டி, நகரு!"

தலைவி நின்றார். இருபத்தொன்று. சரியாகப் பிடிக்கவில்லை என்று மறுபடி அளக்கச் சொன்னார். இருபத்திரண்டு.

கணக்கெடுப்பாளர் விவரமானவர், இரண்டு என்றே எழுதினார். நகரம் முதலிடம் பெற்றது. கேடயம் வாங்க வேண்டியவர் குழுத் தலைவி. அழைப்புப் பட்டியலில் லிஃப்ட்காரியின் பெயரைத் தன் பேனாவாலேயே அடித்து, பக்கத்தில் "இடப் பற்றாக்குறை" என்று எழுதினார்.

விழா மேடைக்குப் பதினாறு படி, கைப்பிடி கிடையாது. நான்கு தொண்டர்கள் தலைவியை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். முதியோரை மதிப்பது பற்றிப் பதினோரு பேர் பேசினார்கள். ஏழாவது ஆள் பேசும்போது தலைவி ஒரு சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

துணி துவைத்த ஈரக்கையோடு லிஃப்ட்காரி வந்தாள். கீழ்ப்படியில் கால் வைத்ததும் பதினாறு படியும் பாய் விரித்ததுபோல் படுத்துக்கொண்டன.

"வாங்கக்கா, கையப் பிடிங்க."

"கையெல்லாம் வேணாம். நீ சும்மா பக்கத்துல நட."

"சரிக்கா. நான் சும்மாத்தான் வந்தேன்."

கூட்டத்தில் யாரும் வியக்கவில்லை. மறைக்கிறது, சீக்கிரம் நகருங்கள் என்று ஒருவர் மட்டும் குரல் கொடுத்தார். ஏடுகளில் ஐம்பத்தொன்பது வயதுள்ள மேயரும் சந்தடிசாக்கில் அதே வழியாக இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஓரகத்திகள் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போகிறார்கள். தெரு யாருக்காகத் தாழ்கிறது என்று பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியாதபடி மூத்தவர் அரையடி முன்னால் நடக்கிறார்.

தலைவி அவசர மக்கள் பணி காரணமாக விழாவின் பாதியில் விடைபெற்றதாக மாநகராட்சி அறிக்கை சொல்கிறது. அவர் போனது கழிப்பறைக்கு.