கிளி போட்ட வருகைப்பதிவு

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக முத்திரை குத்திவந்தவரை எல்லோரும் ‘சீல் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். பெருந்தொற்று முழுசாக ஓயுமுன்பே, இனி எல்லாம் கணினிதான் என்று மேலிடம் உத்தரவு போட்டது. முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்தது. முகங்களைப் பதிந்த அன்று எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தொற்று போனதும், வெறும் முகத்தோடு வந்த யாரையும் அதற்குத் தெரியவில்லை. மேலிடத்துக்கு மின்னஞ்சல் போட்டார்கள். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று அரை நொடியில் பதில் வந்தது. அதோடு சரி. வேறு வழியில்லாமல், பழைய கவசத்தை வாசல் அலமாரியில் வைத்து, வரும்போதும் போகும்போதும் எடுத்து மாட்டுவதும் கழற்றுவதுமாக நாள் ஓடியது. அக்காவின் கவசம், ஜன்னல் திரையில் மிஞ்சிய துணியில் அவர் வீட்டுக்காரர் தைத்தது. மூக்குக்கு நேரே ஒரு பச்சைக்கிளி.

பல் பிடுங்க அக்கா ஒருநாள் விடுப்பு எடுத்தார். மறுநாள் வாசலில் வருகை பதியுமுன்பே அதிகாரி கூப்பிட்டார்.

“லீவும் போட்டிருக்கீங்க, வேலைக்கும் வந்திருக்கீங்க. எதும்மா பொய்?”

“ரெண்டும் இல்ல சார். நேத்து பல்லு பிடுங்கினேன்.” அக்கா வாயைத் திறந்து காட்டினார்.

“பல்லு இல்லாதது தெரியுது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா!”

கதவோரம் நின்ற காவலாளி தலையைச் சொறிந்தார். “சார், நேத்து வந்த அக்கா நான்தான். அலமாரி தூசி தட்டறப்ப அவங்க கிளியை எடுத்து மாட்டிக்கிட்டேன். குப்பை கொட்ட மெஷின் முன்னாடி போனேன், அது ‘வணக்கம் அம்மா’ன்னுச்சு. மரியாதையா கூப்பிடுதேன்னு நானும் வணக்கம் சொன்னேன்.”

அதிகாரி அவருடைய மீசையையே பார்த்தார். நம்பாமல், கிளியைத் தானே மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன் போய் நின்றார்.

“வணக்கம் அம்மா!”

சான்றிதழுக்கு வரிசையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. காது சிவக்க இன்னொரு தடவை முகத்தைக் காட்டினார்.

“போய் வாருங்கள் அம்மா!”

அக்கா மெல்லக் கேட்டார்: “மணி பத்தரைதான் ஆகுது. நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்னு பதிஞ்சிருச்சே. அப்ப போகலாமா சார்?”

“நீங்க உட்காருங்க, தாயே!”

அன்றே ஒரு நோட்டு வந்தது. எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி தினமும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்து, ‘தாளே இல்லாத சிறந்த அலுவலகம்’ என்று விருது வந்தது. கெட்டித் தாளில், மூன்று பிரதிகளாக.