களத்தில் அழக்கூடாது

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பிறந்த ஆவணியில், உதியன்குளங்கரைக் கயிற்றுக் களத்தில் இனி எவளும் அழக்கூடாது என்று காரியஸ்தர் தாணுலிங்கம் பிள்ளை சட்டம் போட்ட மறுநாள், அங்கே வேலை செய்த பெண்களின் கண்ணீர் முழுவதும் அவருடைய கண்களிலிருந்து வரத் தொடங்கியது. தேங்காய்த் தும்பு விலை அந்த மாதம் சற்று இறங்கியிருந்தது.

அழுகையைத் தொடங்கி வைத்தவள் பவுலா, பொழியூர்க் கடற்கரைக்காரி. அவள் கணவன் பயஸ் ஆடிக் கடலில் கட்டுமரத்தோடு போனவன், திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. உடல் கரைக்கு வராத வீட்டில் அழுதால், ஆள் செத்தான் என்று வீட்டாரே ஒப்புக்கொண்டதாகிவிடும், வருகிறவனும் வராமல் போவான் என்று மாமியார் ரீத்தா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு காவல் இருந்தாள். உடல் இல்லாமல் துக்க மணி அடிக்க முடியாது என்று பங்குச் சாமியாரும் சொல்லிவிட்டார். மணி அவருடையது, அடிக்காமல் இருப்பதும் அவர் இஷ்டம். ஆகவே பவுலாவுக்கு அழ மிஞ்சிய ஒரே இடம் களம்தான். விடியுமுன் நடந்து வந்து, ராட்டில் தும்பை மாட்டி, பின்னுக்கு நடந்து நடந்து கயிறு திரிப்பாள். கயிற்றோடு அழுகையும் நீளும். இரண்டும் அறுந்ததில்லை.

பிள்ளை கெட்டவர் அல்ல என்று சொல்வார்கள். எல்லாக் காரியஸ்தர்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் பவுலாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். பிறகு வேலியோரத்து ராட்டுக்கு மாற்றினார். அதற்குள் பக்கத்து ராட்டுச் சத்தியபாய் தன் செத்த குழந்தையை நினைத்து அழ, அவளைப் பார்த்து அடுத்தவள் அழ, களமே மூக்கைச் சிந்தியது. முன்பு சர்க்காரின் பகுதிக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர் அவர். சட்டம் போட்டுத் தீராத காரியமும் உண்டென்று அங்கே யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அழுகவ வாசலத் தாண்டிப் போயிரணும். பின்னே உள்ள வரப்பிடாது. நனைஞ்ச கயிறு கறுக்குமாக்கும்," என்றார். வீட்டில் உலை வைக்க வேண்டிய பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

அவர் கண்ணில் வந்த நீரை இன்னாருடையது என்று பிரித்தறிய முடிந்தது. சத்தியபாயுடையது சூடாக வந்தது, தாய்ப்பால் வாடையோடு. பவுலாவுடையதில் கடல்மணல் கரகரத்தது. அந்த வாரத்திலேயே சாளை மீனின் செதில் ஒன்றும் வெளியே வந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மீன் மணமே அறியாத சைவ வீடு அது. மனைவி உமையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடுக்களைப் பக்கம் வராதீங்கோ, மூஞ்சி மீன் கடவப்பெட்டி மாதிரி நாறுகு," என்று சோற்றை முற்றத்தில் வைத்தாள். அமரவிளை வைத்தியர் கண்ணில் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டி, உப்பைக் குறைக்கச் சொன்னார். வைத்தியர்களுக்கு ஒன்றும் தெரியாதபோது உப்பைத்தான் குறைப்பார்கள். சட்டத்தை எடுத்துவிட்டால் தீரும் என்று களத்தில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். போட்டதை எடுக்கும் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

கண் காய்ந்துபோன பவுலாவுக்குப் பயஸின் முகம் மறக்கத் தொடங்கியது. முதலில் மீசை போயிற்று, பிறகு நெற்றி. சிரிப்பும் போன அன்று உச்சிவேளையில் ராட்டை விட்டுவிட்டு நேரே பிள்ளையின் மேசைக்கு முன் வந்து நின்றாள்.

"அய்யா, எனக்க மாப்பிள்ளைக்க முகம் உங்க கண்ணுலயா கெடக்கு?"

பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்தார். "எடது காது பாதிதான் உண்டு," என்றார் மெல்ல. "சிரிச்சா ஒத்தக் கண்ணு மூடும்."

"சுறா கடிச்ச காதாக்கும் அது. தாருங்க அத."

"எட்டி, நானா எடுத்தேன்? பின்னால ஓலைப்பெர ஒண்ணு கெட்டித் தாறேன். அதுக்குள்ள போயி ஆரும் காணாம அழு."

"ஒளிச்சு அழ நான் என்ன களவா எடுத்தேன்? எனக்க ராட்டுல நின்னு, எல்லாரும் காணத்தான் அழுவேன்."

"சட்டம் சட்டந்தான்."

"அப்பம் எனக்க மாப்பிள்ளைக்கு நீங்களே தாலியறுத்து மூலையில குத்தியிருங்க அய்யா."

முதலில் சிரித்தவள் சத்தியபாய். பிறகு எல்லோரும் சிரித்து, சிரித்தபடியே ராட்டை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ராட்டுகள் நின்றன. வாரக் கடைசியில் கயிறு ஏற்ற வந்த வண்டி வெறுமையாகத் திரும்பியது. பிள்ளை தன்னந்தனியாக அத்தனை பேருக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தார். நின்ற இடமெல்லாம் சேறானது.

திங்கட்கிழமை காலை அவர் களத்தின் நடுவே நின்று, கச்சேரியில் சர்க்கார் விளம்பரம் வாசிக்கும் குரலில், "அழுகவ அழலாம்," என்றார்.

"எங்க வச்சு?" என்றாள் பவுலா. "நின்ன எடத்துல வச்சுண்ணு சொல்லுங்க."

பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டார். "நின்ன எடத்துல வச்சே அழலாம்."

அவர் கன்னம் அப்போதே உலர்ந்தது. பவுலாவுக்கு முதலில் அந்த அரைக் காது வந்தது, பிறகு நெற்றி, மீசை, ஒற்றைக் கண் மூடிய சிரிப்பு. அவள் தும்பை எடுத்து மாட்டி, "எலே பயஸே" என்று ஊர் கேட்கக் கத்தி அழுதுகொண்டு பின்னுக்கு நடந்தாள். சத்தியபாய் ராட்டைச் சுற்றினாள்.

ஐப்பசியில் ஆலப்புழை வியாபாரி ஒருவர் கயிறு பார்க்க வந்தார். வரிசையாகப் பெண்கள் அழுதுகொண்டே வேலை செய்வதைக் கண்டு வாசலிலேயே தயங்கினார். பிள்ளை நாற்காலியை நகர்த்திப் போட்டார். கன்னத்தில் நீர் வழிய, கை நிற்காமல், பவுலா வியாபாரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலாளி, கயிறப் பாருங்க. மூஞ்சியையா வெலைக்கு எடுக்கப் போறிய?"

அவர் கயிற்றைப் பார்த்தார். முறுக்கு நன்றாக இருந்தது. விலை பேசி வண்டியில் ஏற்றினார்.