ஜேபெஸ் லூமிஸின் வயது

கல்லறைக் கல் இடுப்பளவுக்கு மண்ணில் புதைந்திருந்தது. மாசசூசெட்ஸில் ஒவ்வொரு பனிக்காலமும் அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். பெயரும் 1816 அக்டோபர் என்ற இறந்த தேதியும் மட்டும் வெளியே தெரிந்தன. மிச்ச எழுத்தை இந்தத் தலைமுறையில் யாரும் படித்ததில்லை. சனிக்கிழமை காலை வெர்னா ஈர மண்ணில் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

தோண்டச் சொன்னவன் அவள் கணவன் மெரிட். 1757 கோடையில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட வடக்கே போன ஊர்ப்படையில் அவன் பாட்டனாருக்குப் பாட்டனார் ஜேபெஸ் லூமிஸும் போனார் என்பது குடும்பக் கதை. பெயர் ஊர்ப்படைப் பட்டியலில் இருந்தது: வயது பதினெட்டு. கல்லில் இருப்பதை முழுக்க எழுதிக் கொடுத்தால் கல்லறையில் வெண்கலப் பட்டயம் பதிப்பதாக ஊர் வரலாற்றுச் சங்கம் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை ராணுவத்துக்குப் புறப்படும் மகனிடம் சொல்லி அனுப்ப மெரிட்டுக்கு அந்தப் பட்டயம் வேண்டும். மகன் பெயரும் ஜேபெஸ்தான். கட்டாய ராணுவச் சேவையில் வியட்நாம் போருக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

பையன் முதலில் கனடாவுக்கு ஓடிவிடத்தான் நினைத்தான். மான்ட்ரியலில் வெர்னாவின் சித்தி மகள் இருந்தாள். மெரிட் கத்தவில்லை. "அந்த ஜேபெஸ் போனான், நடந்தே திரும்பி வந்தான், இந்தப் பண்ணைய உண்டாக்கினான். இந்தப் பேருக்குத் திரும்பி வரத் தெரியும்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். கேலி செய்துகொண்டிருந்த பையன் ஒரு கட்டத்தில் கேலியை நிறுத்திவிட்டான். மான்ட்ரியல் பேச்சும் நின்றது.

மண் தோண்டும் கொத்துக்கரண்டி கல்லில் உரசியது. வெர்னா கட்டைவிரலால் எழுத்துக்குள் இருந்த மண்ணை வழித்தாள். வயது ஐம்பத்தெட்டு.

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். மறுபடியும் கழித்தாள். படை புறப்பட்ட கோடையில் இந்த மனிதர் பிறக்கவே இல்லை.

அதே வரிசையில் மூன்று சின்னக் கற்கள் இருந்தன. மூன்றிலும் தாங்க்ஃபுல் லூமிஸ் என்ற ஒரே பெண் பெயர். ஒரு தாங்க்ஃபுல் செத்தால் அடுத்துப் பிறந்தவளுக்கு அதே பெயர். பிழைக்கும்வரை அப்படியே வைத்திருக்கிறார்கள். வெர்னா வெகுநேரம் அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், சனிக்கிழமை வழக்கப்படி பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் மேஜைக்கு வந்தன. கல்லில் இருந்த வயதை அவள் உட்காராமலே சொன்னாள்.

"கல்லு வெட்டினவன் குடிச்சிருப்பான்" என்றான் மெரிட்.

"மூணு தாங்க்ஃபுல்லையும் அவனேவா வெட்டினான்? போன பையன் வரவே இல்ல மெரிட். அவனுக்கு இங்க கல்லு கூட இல்ல. அப்புறம் பொறந்ததுக்கு அதே பேர வச்சிருக்காங்க. நாமெல்லாம் அந்த ரெண்டாவது ஆளோட வம்சம்."

பையன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தான்.

"அம்மா, உனக்கு நாப்பத்திநாலு ஆயிடுச்சு. இன்னொண்ணு பெத்துக்கறதா இருந்தா சீக்கிரம் பாரு. பேரு காலியாகப் போகுது."

மெரிட் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவன் மாடிக்குப் போனதும் மெரிட் அடிக்குரலில் கேட்டான்: "திங்கட்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருக்க முடியலயா உன்னால?"

"முடியல."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பண்ணை லாரியில் போகலாம் என்றாள் வெர்னா. கார் சாவியைச் சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்தாள். மகன் சட்டைக் காலரைச் சரிசெய்து ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடும்மா, லேட்டாகுது உனக்கு" என்றான் அவன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது முற்றத்தில் கார் இல்லை. சேற்றில் சக்கரத் தடம் வடக்குச் சாலைக்குத் திரும்பியிருந்தது.

மெரிட் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீதான் அனுப்பினே."

"ஆமா."

"இனி இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது அவனால. வந்தா ஜெயில். என்னைப் பொதைக்கக்கூட வர முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவன் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து லாரியில் போட்டான். அவளும் ஏறி உட்கார்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அவன், அவள் தோண்டிப் போட்ட மண்ணை அள்ளி அள்ளிக் குழியில் தள்ளினான். வயது மறைந்தது. பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து இறுக்கினான்.

"எழுத்து அழிஞ்சுபோச்சு, படிக்க முடியலன்னு சங்கத்துல சொல்லிடு."

"சொல்ல மாட்டேன். பட்டயமும் வேண்டாம்."

அவன் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தான். மண் எப்போதோ இறுகிவிட்டிருந்தது. வெர்னா கிட்டே போய் அவன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். அவன் விட்டுவிட்டான்.

"எவ்வளவு தூரம் போயிருப்பான்?" என்று கேட்டான்.

"எல்லைய தாண்டியிருப்பான்" என்றாள். தாண்டியிருக்க நேரமாகவில்லை என்று இருவருக்கும் தெரியும்.