கால் சுற்று

நாலு மணிக்குள் அறிக்கை வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பள்ளிகளுக்கு இருநூறு தொலைநோக்கிகள். அவற்றில் பொருத்த மூன்று கம்பெனிகள் அனுப்பிய குழிக்கண்ணாடிகளில் எது மேல் என்று சோதித்துச் சொல்ல வேண்டியவள் அக்கா. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான். சொந்தத் தம்பியும் ஒருவன் இருந்தான். நீலப் பெட்டியில் வந்தது அவன் பட்டறைச் சரக்கு. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"உன் தம்பி சரக்குன்னு தெரிஞ்சுதான் உன்கிட்ட விட்டேன். நீ யாருக்கும் வளைஞ்சு கொடுக்க மாட்டே," என்றிருந்தார் மேனேஜர். மனுஷன் பாராட்டினாரா, வம்பில் மாட்டிவிட்டாரா என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

பச்சைப் பெட்டிக் கண்ணாடியின் விளிம்பு சரிந்திருந்தது. அதை முந்தாநாளே கழித்துவிட்டாள். நேற்று சிவப்புப் பெட்டி. ஊசிமுனை வெளிச்சம் கண்ணாடியில் பட்டு வட்டமாகத் திரும்ப வேண்டும். அது அரிசிபோல நீண்டு வந்தது. வளைவு கோணல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இன்று நீலப் பெட்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கண்ணை வைத்தாள். அதே அரிசி.

அந்த நேரம் பார்த்தா தம்பி போன் செய்ய வேண்டும்?

"என்னக்கா, பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உயிரை வாங்காதடா."

கோணல் கண்ணாடியில் இருந்தால், கண்ணாடியைத் திருப்பும்போது அதுவும் கூடவே திரும்பும். திரும்பாவிட்டால் குற்றம் ஸ்டாண்டுடையது. கால் சுற்று திருப்பினாள். கைச்சூடு ஆறாமல் பார்த்தால் கண்ணாடி பொய் சொல்லும். அரை மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அரிசி இம்மிகூடத் திரும்பவில்லை. நேற்றுக் காலை, கண்ணாடி விழுந்து தொலைக்கப் போகிறதே என்று ஸ்டாண்டின் கிளிப்பை அவள்தான் இறுக்கியிருந்தாள். தளர்த்தினாள். புள்ளி வட்டமானது. "தப்பிச்சடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அறிக்கையில் நீலம் என்று எழுதப் போன கை நின்றது. சிவப்பும் நேற்று இதே கிளிப்பில்தானே நின்றது? அதை ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? அது தம்பியுடையது இல்லை, அவ்வளவுதான். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. மணி மூன்று. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சிவப்பை எடுத்து ஏற்றினாள். இன்னொரு அரை மணி நேரம்.

வட்டம். தம்பியின் கண்ணாடியில் கண்டதைவிடச் சுத்தமான வட்டம். மூன்று முறை பார்த்தாள், மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

மறுபடியும் போன்.

"அக்கா, நம்மளோடது எப்படி?"

"நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு." பேனாவை எடுத்தாள். "ஆனா ரெண்டாவதுதான்."

தம்பி போனை வைக்கவில்லை. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நேற்றுப் போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள்.