வெள்ளிக்கிழமை மத்தியானத்து வகுப்பு

மத்ரஸா மண்டபத்தில் அன்று இருந்த கூட்டத்தைப் பார்த்தால் கந்தூரி விருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். இத்தனைக்கும் அந்த வருஷம் மாத்தளைப் பக்கமிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளைகள் நாலே பேர். அவர்களுக்குப் புத்தி சொல்ல மஹ்ரூபை அழைத்திருந்தார்கள். ஊரிலிருந்து விஞ்ஞான பீடத்துக்குப் போனவன் அவன் ஒருவன்தான். முதலாம் வருஷத்தை முடித்துவிட்டு இரண்டாம் வருஷத்துக்குப் போகிறவன். விரிவுரைக்கு எப்படிப் போக வேண்டும், ஆய்வுகூடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்ல அவனைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரேயொரு விஷயம்தான் ஊருக்குத் தெரியாது. மஹ்ரூப் இரண்டாம் வருஷத்துக்குப் போகவில்லை. செய்முறை வகுப்புகளுக்குப் போதிய அளவு வராதபடியால் அவனைப் பரீட்சை எழுதவே விடவில்லை. முதலாம் வருஷத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லிவிட்டார்கள். அதை வீட்டில் சொல்ல வாய் வராமல், "பாஸ்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான். வாப்பா ஸக்கரியா அன்றைக்கே திருகோணமலை வீதியில் தன் கடைக்குப் பக்கத்திலிருந்த பத்துக் கடைகளுக்கும் பாலூதா வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் பேசினான் பாருங்கள், அன்றைக்கு அப்படிப் பேசினான். விரிவுரைக்கு முந்திப் போய் முன் வரிசையில் உட்காருங்கள், பின்னால் உட்கார்ந்தால் காதும் தூங்கிவிடும் என்றான். கரும்பலகையில் எழுதுவதை மட்டும் எழுதினால் போதாது, வாயால் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது என்றான். ஆய்வுகூடத்துக்கு வெள்ளைக் கோட்டும் மூடிய சப்பாத்தும் வேண்டும், செய்யப்போவதை முதல்நாளே வாசித்துவிட்டுப் போக வேண்டும், விளங்காவிட்டால் அங்கேயே கேட்க வேண்டும் என்றான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு செய்முறை வகுப்பையும் தவறவிடக் கூடாது என்று மேசையில் தட்டிச் சொன்னான். சொன்ன ஒவ்வொன்றும் சத்தியம். எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று விழுந்து எழுந்தவனுக்குத் தெரியாதா? பெரியவர்கள் தலையாட்டத் தலையாட்ட அவனுக்குக் காது மடல் சுட்டது.

கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் எழுந்து, பேராதனையில் படித்துக்கொண்டே ஒரு ஜும்ஆத் தொழுகையைக்கூட விடாத பிள்ளை இது என்று சொல்லி அவன் முதுகில் தட்டினார். அந்தத் தட்டுத்தான் அவனைக் கூசிப்போக வைத்தது.

ஜும்ஆவை அவன் விடவில்லை என்பது உண்மைதான். இரசாயனச் செய்முறை வகுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு. கண்டிப் பள்ளியில் தொழுதுவிட்டு பஸ் பிடித்துப் பேராதனைக்கு வர முக்கால் மணிநேரம் பிந்திவிடும். போன வருஷம் முதல் வெள்ளிக்கிழமை அப்படித்தான் வந்து சேர்ந்தான். ஆய்வுகூடக் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் எல்லோரும் மேசைகளில் குனிந்திருந்தார்கள். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டான். கதவைத் திறந்தால் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பும், நடுவில் தான் ஒருவன் நிற்க வேண்டும் என்று நினைத்ததும் கை தானாக விலகியது. திரும்பிக் கண்டிக்கு பஸ் ஏறிப் படம் பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த வாரம் கதவுவரை போகவேயில்லை. பள்ளியிலிருந்து நேரே தியேட்டர்தான். வெள்ளிக்கிழமை பிந்தி வரும் காரணத்தை வீட்டில் கேட்டபோதெல்லாம் ஜும்ஆவால் வகுப்பு பிந்தியது என்றான். அல்லாஹ்வுடைய தொழுகையைப் படத்துக்குப் போர்வையாகப் போர்த்தியவன் என்று தன்னைத்தானே அவன் பல இரவு திட்டிக்கொண்டதுண்டு. திட்டிக்கொண்டு என்ன, அடுத்த வெள்ளியும் போனான்.

கூட்டம் கலையும்போது பலாபத்வல ஊர்க்காரர் அப்துல் ஸமத் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கொக்கோவும் மிளகும் வாங்கி விற்பவர், அதிகம் பேசாத மனுஷர். எடுபட்ட நாலு பேரில் விஞ்ஞான பீடத்துக்குப் போவது அவருடைய மகள் ஹமீமா மட்டும்தான். ஹாஸ்டலில் விட அவருக்கு மனமில்லை. ஐந்து மணிவரை வகுப்பு நடக்குமாம், ஆம்பிளைப் பிள்ளைகளோடு ஒரே மேசையாம் என்று சொந்தக்காரர்கள் வேறு காதைக் கடித்திருந்தார்கள்.

"மகன், நான் ஒரே பேச்சுத்தான் பேசுவேன். நீங்க கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாறதா இருந்தா மகள அனுப்புவேன். இல்லாட்டி இல்ல" என்றார் அப்துல் ஸமத்.

அவருக்குப் பின்னால் ஹமீமா நின்றாள். அவள் இவனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் சொல்லப்போகும் ஒரு சொல்லில் அவளுடைய படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. மஹ்ரூப் சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

இப்படியாக, புது வருஷத்தின் முதல் திங்கட்கிழமை மாத்தளை ஸ்டேஷனில் இரண்டு முதலாம் வருஷ மாணவர்கள் ரயில் ஏறினார்கள். ஒருத்தி முதலாம் வருஷம் என்பது ஊருக்கே தெரியும், மற்றவன் அதை மறைத்தான். கண்டியில் இறங்கி பஸ் மாறிப் பேராதனைக்குப் போனதும், உனது மண்டபம் அது, எனக்கு மேல்மாடியில் வகுப்பு என்று அவளை அனுப்பினான். அவள் முன் வரிசையில் உட்கார்ந்த பிறகு, பின் கதவால் நுழைந்து கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். அவன் கொடுத்த புத்திமதியே அவனைக் காப்பாற்றியது. முன் வரிசையில் உட்கார் என்றான், உட்கார்ந்தாள். வாயால் சொல்வதை எழுது என்றான், தலை நிமிராமல் எழுதினாள். பின்னால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திங்கள் தப்பினான், செவ்வாயும் தப்பினான்.

புதன்கிழமை ஆய்வுகூடத்தில் இடம் பிரித்துக் கொடுக்கும் நாள். அங்கே கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. எல்லோரும் சுவரோரமாக நிற்க வேண்டும், பெயர் சொல்லி அழைக்க அழைக்க இருவர் இருவராக மேசைக்குப் போக வேண்டும். செய்முறை வகுப்பை நடத்தும் சந்திரகாந்தா என்ற பெண் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொருவரையும் ஊர் விசாரித்தாள். தூணுக்குப் பின்னால் நின்ற மஹ்ரூபை, போன வருஷம் இடம் பிரித்த நாளில் பார்த்திருந்தபடியால், அவள் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் ஆகவில்லை. இவர் போன வருஷத்து ஆள், மறுபடி படிக்கிறார் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். இருவரும் மாத்தளை, கணக்குகளை ரயிலிலேயே சேர்ந்து போடலாம் என்று அவனையும் ஹமீமாவையும் ஒரே மேசைக்கு அனுப்பினாள்.

ஹமீமா இடம்விட்டு ஒதுங்கி நின்றாள். சந்திரகாந்தாதான் மேசையருகே வந்து, இந்த வருஷமாவது வெள்ளிக்கிழமைகளில் வருவாயா என்று கேட்டாள். அவன் ஜும்ஆ என்று ஆரம்பித்தான். போன வருஷமும் மூன்று முஸ்லிம் பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளியும் தொழுதுவிட்டுப் பிந்தித்தான் வந்தார்கள், முதல் நாளே தன்னிடம் கேட்டுக்கொண்டார்கள், அதற்கென்ன என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கதவத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே."

நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது மஹ்ரூபுக்கு. பக்கத்தில் ஹமீமா பியூரெட் என்ற அளவுக் குழாயைத் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாயிருந்ததை மறுபடியும் கழுவினாள்.

திரும்பி வரும் ரயிலில் உக்குவளை ஸ்டேஷன் வரை அவள் எழுதிய குறிப்புகளை வாசித்துக்கொண்டே வந்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என்ன சொல்வாளோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான்.

"வாப்பாகிட்ட நானா போய்ச் சொல்லமாட்டேன் நானா" என்று தொடங்கியவள், அண்ணனைக் கூப்பிடும் நானாவும் தன்னைச் சொல்லும் நானாவும் ஒன்றோடொன்று இடறியதுபோல் நிறுத்தி, மறுபடி சொன்னாள். "நான் போய்ச் சொல்லமாட்டேன். சொன்னா நாளையோட என் படிப்பு முடிஞ்சிடும். ஆனா அவர் என்னக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. நீங்க மத்ரஸாவுல சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் அப்படியே செய்றேன்."

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தக் கடைசி வார்த்தைதான் நெஞ்சில் போய்க் குத்தியது.

மாத்தளை ஸ்டேஷனில் குடையோடு அப்துல் ஸமத் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் எந்தப் பொடியனோடு மேசை என்றுதான் மகளிடம் முதலில் கேட்டார். பாவம், மனுஷர் அந்த ஒரு கவலையோடுதான் மூன்று நாளும் தூங்கியிருப்பார்.

"மஹ்ரூப் நானாவோட" என்றாள் ஹமீமா.

அப்துல் ஸமதின் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்ல! குடையை மகள் கையில் கொடுத்துவிட்டு மஹ்ரூபின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்கள் வகுப்பை விட்டுவிட்டு வந்து என் மகளுக்குத் துணையாக நின்றீர்களா என்றார். சொந்தப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லத்தான் போகிறேன், ஊர்ப் பொடியன்கள் கேட்டுத் திருந்தட்டும் என்றார். பிறகு திடீரென்று ஒரு யோசனை வந்தவராக மகள் பக்கம் திரும்பி, அப்போ இவருடைய வகுப்பு என்னவாயிற்று, இவருக்குக் கரைச்சல் இல்லையா என்று கேட்டார்.

குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்த ஹமீமாவின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தன்னால் ஒரு பெண்பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்பது மஹ்ரூபுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை மட்டும் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மாமா, என் வகுப்பும் அதுதான். நான் பாஸாகல்ல. பரீட்சையே எழுதல்ல. வெள்ளிக்கிழமைகள்ல தொழுதிட்டுப் படம் பார்க்கப் போனேன்."

அப்துல் ஸமத் பிடித்திருந்த கைகளை விட்டார். உதறவில்லை, சும்மா விட்டார். அது உதறியதைவிட மோசமாக இருந்தது. இறங்கிய சனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"உங்களுக்கு இது தெரியுமா மகள்?"

"இண்டைக்குத்தான் தெரியும் வாப்பா. ஆனா எனக்கு இப்ப வழி தெரியும். கண்டியில எங்க பஸ் ஏறணும், எங்க இறங்கணும், எல்லாம் தெரியும். யாரும் கூட்டிட்டுப் போகத் தேவயில்ல."

அவர் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளுடைய படிப்பு போய்விட்டது என்றே மஹ்ரூப் நினைத்தான். கடைசியில் அவர் மகளிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு அவனிடம் சொன்னார்.

"நாளைக்கும் மகள் இந்தக் கோச்சியிலதான் போவா. நீங்களும் போங்க. வேற பெட்டியில ஏறுங்க."

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தான். ஊர் வாயால் கேட்கும் முன் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். வாப்பா ஸக்கரியா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நேரத்தில் கடையில் என்ன வேலை? பரீட்சை நாட்களில் இவன் வழக்கம்போல ரயிலேறிப் போய்ப் பேராதனைப் பூந்தோட்டத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோது, உம்மா இவனுக்காக நோன்பிருந்தாள். இப்போது அவள் துவாயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"அப்போ நான் நோன்பு புடிச்சது எந்தப் பரீட்சைக்கு மகன்?"

ஏச்சுமில்லை, அழுகையுமில்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். தலையைத் துவட்டுகிற சாக்கில் அவன் முகத்தைத் துவாய்க்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

வெள்ளிக்கிழமை கண்டிப் பள்ளியில் தொழுதுவிட்டு வெளியே வந்தான். தியேட்டர் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறினான். ஆய்வுகூட நடைக்கு வந்தபோது வழக்கம்போல முக்கால் மணிநேரம் பிந்தியிருந்தது. அதே கதவு, அதே கண்ணாடி, உள்ளே குனிந்த அதே தலைகள். கைப்பிடியில் கை வைத்ததும் போன வருஷத்துப் பயம் அப்படியே வந்தது. உள்ளே எல்லோருக்கும் இவன் கதை தெரிந்திருக்கும். ஒரு வருஷம் தோற்றவன், படம் பார்த்தவன். அத்தனை தலையும் திரும்பட்டும், படவேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

கதவு கிரீச்சிட்டது. ஒருவரும் திரும்பவில்லை. அவரவர் கண் அவரவர் பியூரெட்டில் இருந்தது. ஒரு துளி கூடினால் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும், யாருக்கு இவனைப் பார்க்க நேரம்? சந்திரகாந்தா மட்டும் நிமிர்ந்து, வா என்பதுபோலத் தலையசைத்துவிட்டு வேறொரு மேசைக்குப் போனாள்.

மஹ்ரூப் கதவடியிலேயே நின்றான். யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்திருந்தால், ஒருவன் சிரித்தாவது இருந்தால், போன வருஷம் பயந்ததற்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். இல்லாத கண்களுக்குப் பயந்து ஒரு வருஷத்தையும், உம்மாவின் நோன்பையும், ஒரு நல்ல மனுஷரின் நம்பிக்கையையும் தொலைத்திருக்கிறான். ஸ்டேஷனில்கூட அவன் இவ்வளவு வெட்கப்படவில்லை.

வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனான். ஹமீமா பியூரெட்டை நிரப்பி வைத்திருந்தாள். முதல் அளவை எடுத்து எழுதியும் வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், சற்றுத் தள்ளி நின்று இடம் விட்டாள்.

"ரெண்டாவது நீங்க எடுங்க நானா" என்றாள்.